யாருடைய போர்? யாருடைய கதை?

(வார இறுதித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு அமர்ந்தார். போரைப் பற்றித் தெரிந்துகொள்ள வரலாற்று நூல்கள் இருக்கின்றன, ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. அப்படியிருக்க, கற்பனையாக எழுதப்பட்ட நாவலை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நான் என் அப்பாயியிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பாயி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. போர் எப்போது நடந்தது என்று கேட்டால் ஆண்டு சொல்ல மாட்டார். “உங்கப்பன் வயித்துல இருந்தப்ப” என்பார். “மரவள்ளிக்கிழங்கே சோறா இருந்த காலம்” என்பார். “ஜப்பான்காரன் காலம்” என்று சொல்லிக் குரலைத் தாழ்த்திக் கொள்வார், ஏதோ ஜப்பான்காரன் இன்னும் லயத்துக்கு வெளியே நிற்பதுபோல. தாத்தாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே வரிதான் வரும். “ரயிலேத்திக் கொண்டு போனாங்க.” அதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார்.

பள்ளிக்கூடத்திலும் எனக்கு அந்தப் போரைச் சொல்லிக் கொடுத்தார்கள். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அந்தப் பாடத்தில் அப்பாயி இல்லை. வீட்டில் அப்பாயி இருந்தார், அவரிடம் தேதி இல்லை. இரண்டும் ஒரே போர்தான் என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது. அதை உறைக்க வைத்தது ஒரு நாவல்.

அமிதவ் கோஷ் ஆங்கிலத்தில் எழுதி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி கிளாஸ் பேலஸ்’ என்ற நாவலைத்தான் சொல்கிறேன். தமிழில் ‘கண்ணாடி மாளிகை’ என்று சொல்லலாம். கோஷ் 1956-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். குடும்பத்தில் இன்னொருவர் பர்மாவில் மர வணிகம் செய்தவர். ஆக, இந்த எழுத்தாளர் வீட்டிலும் ஓர் அப்பாயி கதை இருந்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

இந்த நாவல் பர்மாவின் கதை. ஆனால் கதையின் பெரும் பகுதி நம் கெடாவில், சுங்கை பட்டாணி வட்டாரத்தில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் நடக்கிறது. நம் தோட்டம், நம் பால்மரம், நம் ஆட்கள். அதனால்தான் இன்று இந்த நூலைத் தேர்ந்தெடுத்தேன்.

பீரங்கிச் சத்தத்தில் தொடங்கும் கதை

1885 நவம்பர். பர்மிய மன்னர்களின் தலைநகரான மண்டலே. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் உணவுக்கடையில் எடுபிடி வேலை செய்கிறான். பெயர் ராஜ்குமார். பெற்றோரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு அக்யாப் கரையிலிருந்து தனியாக வந்து சேர்ந்த இந்தியப் பையன். தொலைவில் இடி முழக்கம் போல ஒரு சத்தம் கேட்கிறது. அது பீரங்கி என்று முதலில் கண்டுகொள்பவன் அவன்தான்.

அந்தப் பீரங்கி எதற்காக வந்தது தெரியுமா? தேக்கு மரத்துக்காக. பம்பாய் பர்மா வணிகக் கழகம் என்ற ஆங்கிலேய நிறுவனத்துக்கு, மரக் கணக்கில் முறைகேடு என்று பர்மிய அரசு பெரும் அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்துப் பிரிட்டன் போர் தொடுத்தது. இரண்டே வாரங்களில் மண்டலே விழுந்தது. திபோ மன்னரும் அரசி சுபயாலட்டும் மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டு, பிறகு கப்பலில் முதலில் சென்னைக்கும் அங்கிருந்து இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள ரத்னகிரிக்கும் கொண்டு போகப்பட்டனர். 1916-இல் மன்னர் அங்கேயே இறந்தார். இதற்கு முன்னால் டில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா நாடு கடத்தப்பட்டு ரங்கூனில் இறந்தது 1862-இல். ஒரு நாட்டின் மன்னரை இன்னொரு நாட்டில் புதைப்பது, அந்த நாட்டின் மன்னரை இந்த நாட்டில் புதைப்பது. அதுதான் அன்றைய ஆட்சிக் கணக்கு.

இதெல்லாம் வரலாற்று நூலில் இருக்கிறது. நாவல் என்ன செய்கிறது? மன்னர் வெளியேறும் அந்தக் குழப்பத்தில், கொள்ளையடிக்க நுழைந்த கூட்டத்தோடு ராஜ்குமாரையும் அரண்மனைக்குள் அனுப்புகிறது. அங்கே அரசியின் பணிப்பெண்ணாக இருக்கும் டோலி என்ற சிறுமியை அவன் பார்க்கிறான். பார்த்த மறுநாள் அவள் மன்னர் குடும்பத்தோடு நாடு கடந்து போகிறாள். இருபது ஆண்டுகள் கழித்து அவளைத் தேடி ரத்னகிரிக்கே போய் மணம் முடித்து அழைத்து வருகிறான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போர் வராவிட்டால் தெருப்பையனுக்கு அரண்மனை வாசல் திறந்திருக்காது. அவன் டோலியைப் பார்த்திருக்கவே மாட்டான். நாட்டுக்குக் கேடு வந்த நாள்தான் அவன் வாழ்க்கை தொடங்கிய நாள். மண்டலேக்குள் நுழைந்த படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதையும் பர்மியர்கள் மறக்கவில்லை. அந்தச் சிப்பாய்களின் நிறம்தான் ராஜ்குமாருக்கும். அந்தக் கோபத்தின் அடியை அன்றே அவன் தெருவில் வாங்குகிறான்.

ஏணியின் அடியில் யார்?

ராஜ்குமார் உழைப்பாளி, கெட்டிக்காரன். சாயா ஜான் என்ற மரக் குத்தகைக்காரரிடம் தொழில் கற்கிறான். பிறகு முதலுக்குப் பணம் வேண்டும். எங்கே கிடைக்கும்? இந்தியக் கிராமங்களுக்குப் போய் ஏழைகளுக்கு ஆசை காட்டி ஆள் பிடித்துப் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுப்புகிறான். தலைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பணத்தில்தான் அவனுடைய மரக்கிடங்கு எழும்புகிறது. பின்னாளில் சாயா ஜானின் மகன் மேத்யூ கெடாவில் மார்னிங்சைடு என்ற ரப்பர் தோட்டம் போடும்போது ராஜ்குமார் அதில் பங்குதாரர் ஆகிறான். அங்கே பால்மரம் வெட்டுபவர்கள் தமிழர்கள்.

நண்பர்களே, நம்முடைய மேடைகளில் நாம் பெரும்பாலும் ஒரு பக்கக் கதையைத்தான் பேசுகிறோம். வெள்ளைக்காரத் துரை சுரண்டினான், நம்மவர் சுரண்டப்பட்டார். உண்மைதான். ஆனால் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்றவர்களில் நம் நிறத்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் இந்த நாவல் சொல்கிறது. ராஜ்குமாரை வெறுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றாது. அவன் அன்பான கணவன், பாசமுள்ள தகப்பன். அதுதான் சங்கடம்.

பர்மாவின் உண்மை வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நாட்டில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் இருந்தனர். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களில் துறைமுகக் கூலிகளும் இருந்தார்கள், கடன் கொடுத்த செட்டியார்களும் இருந்தார்கள். 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. 1930-களின் பிற்பகுதியில் அது சுமார் 25 விழுக்காடாகி விட்டது. செட்டியார்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, கொடுத்த பணம்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணுக்கு எதிரில் தெரிந்தவர் இந்தியர்தான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் வெடித்த கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் மூட்டை தூக்கிப் பிழைத்த தெலுங்குத் தொழிலாளர்கள். வட்டி வாங்கியவர் வேறு, அடி வாங்கியவர் வேறு.

நாவலில் உமா என்றொரு பெண் வருகிறார். ஆட்சியரின் மனைவியாக வாழ்ந்து, கணவரை இழந்தபின் வெளிநாடு சென்று விடுதலை இயக்கத்தில் சேர்ந்தவர். அவர் ராஜ்குமாரின் முகத்துக்கு நேரே, நீ கொண்டு வந்த மனிதர்களை ஆடு மாடாக அல்லவா நடத்தினாய் என்று கேட்கிறார். ராஜ்குமாரோ, நீ உன் வாழ்நாளில் ஒருவனுக்காவது வேலை கொடுத்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்கிறான். எழுத்தாளர் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பைப் பின்னால் வரும் போரிடம் விட்டுவிடுகிறார்.

கெடாவுக்கு வந்த போர்

1941. உமாவின் சகோதரர் மகன் அர்ஜுன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இளம் அதிகாரி. டேராடூன் ராணுவக் கல்லூரியில் பயின்றவன். வெள்ளை அதிகாரிகளோடு ஒரே மேசையில் உணவு உண்பதை வாழ்க்கையின் உச்சமாக நினைப்பவன். அவனுடைய படைப்பிரிவு மலாயாவுக்கு, அதுவும் சுங்கை பட்டாணிக்கு வருகிறது. இங்கே வந்த பிறகுதான் அவனுக்குக் கண் திறக்கிறது. இந்திய அதிகாரி இறங்கியதும் நீச்சல் குளத்திலிருந்த வெள்ளையர் வெளியேறி விடுகிறார்கள். இந்த நாட்டைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்க வந்தவன், இந்நாட்டின் மன்றங்களுக்குள் நுழையத் தகுதியற்றவன்.

டிசம்பர் 8-இல் குண்டு விழுகிறது. 11-ஆம் நாள் தொடங்கிய ஜித்ரா போர் 13-ஆம் நாளுக்குள் முடிந்து போகிறது. பல மாதங்கள் தாங்கும் என்று நம்பிய அரண் இரண்டு நாளில் குலைந்தது. சிதறிப்போன அர்ஜுனும் அவன் நண்பன் ஹார்டியும் ரப்பர்க் காட்டில் ஒளிந்து கிடக்கிறார்கள். நாம் யாருக்காகச் சுடுகிறோம் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. கேப்டன் மோகன் சிங் என்ற உண்மையான அதிகாரி, அதே வாரத்தில், அதே கெடாவில், அலோர் ஸ்டாரில் எடுத்த முடிவிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவத்தின் வரலாறு தொடங்குகிறது. ஹார்டி உடனே தெளிந்து விடுகிறான். அர்ஜுனுக்குத் தெளிவில்லை. தான் இத்தனை நாள் யாராக இருந்தோம் என்பதே அவனுக்குப் புதிராகி விடுகிறது.

இதே நாட்களில் மார்னிங்சைடில் இருப்பவர்களைப் பாருங்கள். கிழவராகிவிட்ட சாயா ஜான், அவருடைய பேத்தி அலிசன், ராஜ்குமாரின் இளைய மகன் டினு, தோட்டத்துத் தமிழ் இளைஞன் இளங்கோ. பெரியவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ரயில் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே அவர்களைத் தடுத்து நிறுத்துகிறார்கள். ஏன்? ரயில் ஐரோப்பியர்களுக்கு மட்டும்.

இது கதைக்காகச் சேர்த்த காட்சி அல்ல. டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் பினாங்கிலிருந்த ஐரோப்பியர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றினார்கள். மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது கோட்டைக் கொடிமரத்தில் பறந்த தங்கள் கொடியை இறக்கக்கூட ஆள் இல்லை. அந்தக் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கையில் பிறந்த தமிழர். காவல்துறையும் அரசும் இல்லாத அந்த நாட்களில் எல்லா இனத்தவரையும் சேர்த்துக் குழு அமைத்து நகரத்தைக் காத்தவர்களில் முதன்மையானவர் அவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ரயிலில் இடம் கிடைக்காத சாயா ஜானும் அலிசனும் பிறகு காரில் தெற்கே புறப்படுகிறார்கள். வழியில் கார் நின்று போகிறது. ஜப்பானிய வீரர்கள் வருகிறார்கள். இருவருமே உயிரோடு மீளவில்லை. ரயில் நிலையத்தில் மறுக்கப்பட்ட ஒரு பயணச்சீட்டின் விலை இரண்டு உயிர்கள். போர் வரலாற்றில் இந்த இரண்டு உயிர்களுக்குத் தனி வரி கிடையாது. நாவலில் நாம் இவர்களோடு முந்நூறு பக்கத்துக்கு மேல் பழகியிருக்கிறோம். அதனால்தான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

கணக்குத் தீர்ந்த ரங்கூன்

ரங்கூனில் ராஜ்குமார் என்ன செய்து கொண்டிருந்தார்? போர் வரும், மரத்துக்குத் தேவை கூடும் என்று கணக்குப் போட்டு, இருந்த பணத்தையெல்லாம் மரத்தில் முடக்கியிருந்தார். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன் மீது குண்டுமழை. மரக்கிடங்கில் யானைகள் மிரள்கின்றன. அடுக்கி வைத்த மரங்கள் சரிகின்றன. மூத்த மகன் நீல் அந்த மரங்களுக்கடியில் நசுங்கிப் போகிறான். தேக்குக்காக நடந்த ஒரு போரில் தொடங்கிய வாழ்க்கை, இன்னொரு போரில் தேக்கு மரங்களாலேயே முறிந்து போகிறது.

பிறகு நடைப்பயணம். 1942-இன் முதல் மாதங்களில் பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர்கள் சுமார் 5 லட்சம் பேர். பெரும்பாலோர் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்தார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி. வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். அங்கேயும் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பிரித்திருந்தார்கள். நல்ல வழியில் தங்குமிடமும் உணவும் இருந்தன. மற்ற வழியில் போனவர்களுக்கு அந்த வசதிகள் வாய்க்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவராக, ஒரு காலத்தில் ரங்கூனின் செல்வந்தரான ராஜ்குமார் நடக்கிறார். கூடவே டோலி, விதவையாகிவிட்ட மருமகள் மஞ்சு, கைக்குழந்தை ஜெயா. ஆற்றைக் கடக்கும்போது மஞ்சு தண்ணீரில் இறங்கி விடுகிறாள். குழந்தையோடு முதியவர்கள் இருவரும் கல்கத்தா போய்ச் சேருகிறார்கள். ஒரு காலத்தில் ஆட்களைக் கப்பலில் அடைத்துப் பர்மாவுக்குக் கொண்டு வந்தவர், அதே ஆட்களோடு ஆளாக நடந்து திரும்புகிறார். எழுத்தாளர் இதை நமக்குச் சுட்டிக்காட்டவில்லை. அவரை நடக்க வைக்கிறார், அவ்வளவுதான்.

அர்ஜுனுக்கும் விடிவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவில் போரிடுகிறான். அவனுடைய பணியாள் கிஷன் சிங் ஓடிப்போக முயன்று பிடிபடுகிறான். அவனைத் தன் கையாலேயே சுட வேண்டிய நிலை அர்ஜுனுக்கு வருகிறது. போர் முடியும் தறுவாயில் காட்டில் டினுவைச் சந்திக்கிறான். டினு ஜப்பானியரை எதிர்ப்பவன். பாசிசத்தை வெல்லாமல் எந்த விடுதலையும் இல்லை என்று எண்ணுபவன். உறவினர் இருவர், எதிரெதிர்ப் பக்கங்கள், இரண்டு பேரிடமும் நியாயம். சரணடைய மறுத்த அர்ஜுன் அந்தக் காட்டிலேயே மடிகிறான்.

நம் வீடுகளில் இந்த விவாதம் இன்றும் தீரவில்லை. நேதாஜியின் அழைப்பைக் கேட்டுத் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததைப் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே 1943-இல், அதே தோட்டங்களிலிருந்து, அதே ஜப்பானியர் நம் ஆட்களை எங்கே கொண்டு போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இளங்கோவும் அவன் தாயும்

இப்போது இளங்கோவுக்கு வருகிறேன். அவன் ராஜ்குமாரின் மகன். மார்னிங்சைடு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்ணிடம் ராஜ்குமார் தன் அதிகாரத்தால் நடந்துகொண்டதன் விளைவாகப் பிறந்தவன். ராஜ்குமாரின் ஒரு மகன் மரக்கிடங்கில் இறந்தான். ஒரு மகன் பர்மாவில் தங்கி, பிற்காலத்தில் ராணுவ ஆட்சியின் சிறையைப் பார்த்தான். ஊரறியாத இந்த மகன் மலேசியாவில் தொழிலாளர் தலைவனாக உயர்கிறான். மார்னிங்சைடு தோட்டம் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சொத்தாக மாறுகிறது.

இதைப் படிக்கும் மலேசியத் தமிழருக்கு உடனே ஒன்று நினைவுக்கு வரும். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய இயக்கம். கோஷ் கற்பனையாகச் சொன்னதற்கு நம் மண்ணில் உண்மையான வேர் இருக்கிறது.

ஆனாலும் எனக்கு இந்த நாவல் மேல் ஒரு குறை உண்டு. இளங்கோவின் தாய் சில பக்கங்களில் வந்து மறைந்து விடுகிறார். டோலிக்கும் உமாவுக்கும் மஞ்சுவுக்கும் அலிசனுக்கும் மனம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, தனிமை இருக்கிறது. பால் வாளி தூக்கிய அந்தத் தாய் என்ன நினைத்தார், ஜப்பான்காரன் காலத்தில் எதைச் சமைத்து மகனைக் காப்பாற்றினார் என்று நமக்குத் தெரிவதில்லை. அவரை எழுத வேண்டிய கடமை கோஷுக்கு இல்லை. நமக்குத்தான் இருக்கிறது. நம்மவர் சிலர் அதைச் செய்தும் இருக்கிறார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். இந்த நூல்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நாவல் முடிந்த பின்பும் முடியாத வரலாறு

நாவல் 1996-இல் வந்து நிற்கிறது. கைக்குழந்தையாகக் கல்கத்தா போன ஜெயா, நடுவயதில் தன் சித்தப்பா டினுவைத் தேடி யாங்கூன் வருகிறாள். ‘கண்ணாடி மாளிகை’ என்பது அவர் வைத்திருக்கும் படப்பிடிப்பு நிலையத்தின் பெயர். அரண்மனையின் கண்ணாடி மண்டபம் ஒரு சிறிய கடையாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் அதில் வெளிச்சம் இருக்கிறது. ஆங் சான் சூச்சி தன் வீட்டு வாசலில் நின்று மக்களிடம் பேசுவதை அவர்கள் போய்க் கேட்கிறார்கள். நம்பிக்கையோடு கதை முடிகிறது.

அந்த நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். 2017-இல் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். ராக்கைன் என்பது பழைய அரக்கான். சிறுவன் ராஜ்குமார் புறப்பட்டு வந்த அதே கரை. அவனைத் தெருவில் எந்தச் சொல்லால் அழைத்து அடித்தார்களோ, ‘கலா’ என்ற அதே சொல்லால் இவர்களையும் அழைத்தார்கள். 2019 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றத்தில் சூச்சியே தன் நாட்டின் சார்பில் நின்று வாதாடினார். 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றி அவரையும் சிறையில் அடைத்தது.

இன்று நாவலைப் படிக்கும்போது அந்தக் கடைசி அத்தியாயம் மனத்தைப் பிசைகிறது. எழுத்தாளர் பொய் சொல்லவில்லை. 1996-இல் அது உண்மை. வரலாறு கதையைத் தாண்டி நடந்து போய்விட்டது.

இரண்டு ரயில்கள்

முடிக்கும் முன் நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். நாவல் எதற்கு?

‘ரயில் ஐரோப்பியர்களுக்கு மட்டும்’ என்ற அந்தக் காட்சியைப் படித்த இரவு எனக்கு அப்பாயியின் வரி நினைவுக்கு வந்தது. “ரயிலேத்திக் கொண்டு போனாங்க.” அப்போதுதான் இரண்டு ரயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1941 டிசம்பரில் உயிர் பிழைக்கத் தெற்கே ஓடிய ரயிலில் நம்மவருக்கு இடமில்லை. 1943-இல் வடக்கே போன ரயிலில் இடம் கேட்காமலே ஏற்றினார்கள். சரக்குப் பெட்டியில் அடைத்து சயாமுக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. தாத்தா திரும்பவில்லை. என் அப்பா பிறந்ததும் அவருக்குத் தெரியாது.

அந்தப் பாதை சயாமில் தொடங்கி எங்கே முடிகிறது தெரியுமா? பர்மாவில், தன்பியூசயாட் என்ற ஊரில். அங்கும் காஞ்சனபுரியிலும் போர்க்கைதிகளுக்குக் கல்லறைகள் இருக்கின்றன. வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். நன்றாகப் பராமரிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் தோட்டங்களிலிருந்து போனவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற சரியான கணக்கே கிடையாது. ஆக, பர்மா எனக்கு அயலார் நாடு அல்ல. என் தாத்தா கிடக்கும் மண் அதுவாகவும் இருக்கலாம்.

வரலாற்று நூல் எனக்குத் தேதியைக் கொடுத்தது. அப்பாயி எனக்கு ஒரு வரியைக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத் தைக்க நாவல் ஊசியைக் கொடுத்தது. ஆனால் தைக்க உட்கார்ந்தபோது அப்பாயி உயிரோடு இல்லை. அந்தத் தோட்டத்தின் பெயரைத் தவிர எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. எந்த மாதம் கொண்டு போனார்கள், உடன் போனவர்கள் யார், திரும்பி வந்தவர் எவரேனும் ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் பேச மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்பான நேயர்களே, அந்தக் காலத்தைப் பிள்ளைப் பருவத்தில் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறு வயதை நெருங்குகிறார்கள், தாண்டியும் விட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த நிகழ்ச்சி முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆண்டு தெரியாவிட்டால் பரவாயில்லை. யார் பிறந்த வருடம், எந்த மழை, எந்தத் துரை இருந்தபோது என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். தேதியை நாம் பிறகு தேடிக்கொள்ளலாம்.